குண்டு இறக்கிய கொடி

டச்சுக் கப்பலான 'ரைகரின்' பின் பாய்மரத்தைப் பீரங்கிக் குண்டு முறித்தபோது, அதன் உச்சியில் இருந்த கொடியும் கடலில் விழுந்தது. இங்கிலாந்துக் கப்பல் சட்டென்று சுடுவதை நிறுத்தியது. கொடி இறங்கினால் சரணடைந்ததாக அர்த்தம். கடலில் அதுதான் வழக்கம்.

"நாம கையைத் தூக்கிட்டோம்னு நெனச்சுட்டானுங்க, கேப்டன்," என்றான் பீரங்கிக்காரன் மரீனஸ்.

கேப்டன் பௌடவைன் கிரேக்கின் முகம் கறுத்தது. இந்த 'ரைகர்' மிடில்பர்க் துறைமுகத்தில் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கிய நாளில் அவருடைய தகப்பனார்தான் அதன் கேப்டன். இதே தளத்தில் அவர் கால்களை இழந்து உயிர்விட்டபோதும் கொடி மேலேதான் பறந்தது. ஃபிளிஸ்ஸிங்கன் தேவாலயத்தில் அவர் கல்லறைமீது ஒரே வரி: 'கொடி இறக்காதவர்.' அந்தக் கல்லின் முன்னால் இனி எந்த முகத்தோடு போய் நிற்பது?

"கொடியைத் தண்ணியிலேர்ந்து எடுங்கடா! துடுப்புல வச்சு ஆணி அடிங்க!"

அதற்குள் எதிரியின் படகு வந்துவிட்டது. ஹார்வுட் என்ற இளம் அதிகாரி கையுறையைத் தட்டிவிட்டபடி மேலே ஏறினான்.

"வாளைக் குடுங்க, கேப்டன். நல்லாத்தான் சண்டை போட்டீங்க."

"உங்க பாராட்டை யார் கேட்டா? கொடியை நான் இறக்கல. உங்க குண்டு இறக்குச்சு."

"எப்படி இறங்குனா என்ன? இறங்கிடுச்சில்ல?"

"என் தொப்பியைக் காத்து தள்ளிட்டுப் போனா, நான் உங்களுக்கு வணக்கம் வச்சதா ஆயிடுமா?"

மாலுமிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மரீனஸ் மட்டும் கிரேக்கின் காதருகே வந்தான். "இவனைப் பிடிச்சு வச்சுக்கலாம், கேப்டன். நம்ம வெடிமருந்துப் பீப்பாயில அடி தெரியுது."

"கொடி இல்லாத நேரத்துல நம்மள நம்பி ஏறி வந்தவன். இவன்மேல கை வச்சா, எங்கப்பா எழுந்து வந்து என்னை அறைவாரு."

கிரேக் ஹார்வுட் பக்கம் திரும்பினார். "உங்க கப்பலுக்குப் போங்க. நீங்க ஏறி முடிச்சப்புறம்தான் சுடுவேன். சீக்கிரம் கிளம்புங்க, கடல் உள்வாங்குது, தண்ணி வத்துது. கீழ மணல்திட்டு இருக்கு. என் கப்பலுக்கு அடி தட்டை, தரை தட்டுனாலும் தாங்கும். உங்களோடது தாங்காது."

"தோத்தவர் எனக்கு வழி சொல்றாராக்கும்!" ஹார்வுட் ஒரு பீரங்கிமேல் சாவகாசமாக உட்கார்ந்தான். "வாள் இல்லாம நான் போறதா இல்ல."

பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். நீர் சொட்டச் சொட்ட மூவண்ணக் கொடி துடுப்பில் நிமிர்ந்து நின்றது. அப்போதுதான் அவன் எழுந்து படகுக்கு இறங்கினான்.

வற்றும் நீரோட்டத்தை எதிர்த்து அந்தப் படகு ஊர்ந்து போனது. அவனுக்காகக் காத்து நின்ற இங்கிலாந்துக் கப்பல் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் பீரங்கி வாய்கள் வானத்தைப் பார்த்தன.

"தரை தட்டிடுச்சு! சுடட்டுமா?" என்றான் மரீனஸ்.

"அந்தப் பையன் ஏறிட்டானா?"

"இன்னும் இல்ல."

கிரேக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றார்.

"இப்ப ஏறிட்டான், கேப்டன்."

"அப்போ சுடு."