ஏறி இறங்கத் தோதான வண்டி

கார் பார்க்கப் போன இடத்தில் என் கணவர் தரையில் படுத்துவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக அங்கே போயிருந்தோம். வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்ட பேண்ட்டுமாக ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதியில் ஒருக்களித்துப் படுத்து, பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே விட்டு அளந்தார். பழைய கார்களை வரிசையாக நிறுத்தி விற்கிற இடம் அது. அங்கே விற்பனையைப் பார்த்துக்கொள்கிற ஹர்ஷா பதறிப்போய் ஓடிவந்தான். "சார், கிரவுண்ட் கிளியரன்ஸ் நானே சொல்றேன் சார், எந்திரிங்க." இவர் படுத்தபடியே, "நீங்க சொல்றது காலி வண்டிக்குத் தம்பி. ஆள் ஒக்காந்தா எவ்ளோ எறங்கும்?" என்று கேட்டார். பிறகு ஹர்ஷாவையும் என்னையும் வாசலில் நின்ற வாட்ச்மேனையும் வண்டிக்குள் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் அளந்தார். வாட்ச்மேன் இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. எனக்கு அது புதிதில்லை. கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு மனைவியாக இருந்தால் இப்படிப்பட்ட பார்வைகள் பழகிவிடும்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் இருப்பது முடிச்சூரில். எங்கள் தெருவில் பால் விலையைப் பேசுவதுபோல ஏரி மட்டத்தைப் பேசுவார்கள். போன முறை வெள்ளம் வந்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து, கோவளத்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஃபைபர் படகில்தான் அவளைக் கூட்டிப்போனார்கள். படகு தெருமுனையில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததையும், அவள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டதையும் எங்கள் மகள் அபிகாயில் மொட்டைமாடியிலிருந்து பார்த்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். இப்போது அவளே பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை ஜோஸ்வின் மஸ்கட்டில். வந்த அன்றைக்கே அவள் சொன்ன முதல் பேச்சு, "என்னால போட்ல எல்லாம் ஏற முடியாதும்மா." தலைமுடியை வாரிக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் அப்பா அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, ஒரு கார் வாங்கிவிடலாம் என்றார்.

கார் வாங்குவது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உயரமான வண்டியாகப் பார்த்தார், தண்ணீரில் போக வேண்டுமே. அதில் அபி ஏற வேண்டுமானால் மேலே ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. அடுத்த தடவை வீட்டிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் கால் வைத்து அவள் ஏறினாள், இறங்கத் தெரியாமல் விழித்தாள். தாழ்வான வண்டியைக் காட்டினார்கள். அவள் சுலபமாக உட்கார்ந்தாள். எழுந்திருக்க நானும் ஹர்ஷாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நல்ல நிலையில் இருந்த வண்டி கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டிய வண்டியின் சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை முகர்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்து, "இது வெள்ளத்துல நின்ன வண்டி. பெல்ட்டுல சேத்துக் கறை இருக்கு பாரு" என்று காதோரம் சொன்னார். எனக்கென்னவோ அது டீக்கறை மாதிரிதான் இருந்தது.

கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் அமைந்தது. பின்கதவு நன்றாக அகலமாகத் திறந்தது. அபி பக்கவாட்டில் திரும்பி, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள். அதேபோல இறங்கினாள். அவர் அவளை மறுபடியும் ஏறச் சொன்னார், மறுபடியும் இறங்கச் சொன்னார். "அப்பா, போதும்ப்பா" என்று அவள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்தது எனக்குப் பெரிதாக இருந்தது. ஆயர் வந்து பானட்டின்மேல் கைவைத்து ஜெபித்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

அதன்பிறகு மழை எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது, மழைதான் வரவில்லை. ஒருமுறை டிவிக்காரன் பேச்சை நம்பி மூன்று பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் என் தங்கையின் வீட்டுக்குப் போய் இறங்கினோம். அன்றைக்கு வெயில் அடித்தது. தங்கை வீட்டுக்காரர் பால்கனியில் நின்று வானத்தைப் பார்த்து, "நல்லா காயுது அண்ணே" என்றார். சும்மா சொன்னாரோ குத்திச் சொன்னாரோ, இவருக்கு அது தைத்துவிட்டது.

போன புதன்கிழமை காலையிலிருந்து நிஜமாகவே பெய்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அச்சுதன் குடையோடு வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "சார், இன்னும் எடுக்கலையா? நம்ம தெருல எல்லாரும் பாலத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. போன தடவ என் வண்டி ஸ்டியரிங் வரைக்கும் முழுகிச்சு. லேட் பண்ணா எடம் கெடைக்காது சார்."

வெள்ளம் வரும் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் காரைக் கொண்டுபோய்ப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வருவார்கள். உயரமான இடம், தண்ணீர் வராது. எனக்கு அது தெரியும். ஆனால் எங்கள் காரும் ஒரு கார்தான், அதுவும் போக வேண்டிய கார்தான் என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கையில் சோற்றை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் காரையே பார்த்தார்.

"வெள்ளம் வந்தா அபிய ஏத்திட்டுப் போகத்தான வாங்கினோம்" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன் ஜோதி. இங்க நின்னு முழுகிடுச்சுன்னா அப்புறம் எதுல ஏத்துவ?"

"அப்ப இப்பவே எல்லாரும் கெளம்பிடலாம். தங்கச்சி வீட்டுக்கு."

"மறுபடியுமா?" என்றார். அபியும், "சித்தி வீட்டுக்கு நான் வரலம்மா. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்கு" என்று காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நான் விடுவதாக இல்லை. தண்ணீர் ஏறினால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், அதுவரை இங்கேயே நிற்கட்டும் என்றேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு, அபிக்குக் கேட்காத குரலில், "இன்ஷூரன்ஸ்ல இன்ஜினுக்குன்னு தனியா ஒண்ணு போடணும்னான். கொஞ்சம் கூட ஆகும்னு நான் போடல. தண்ணி பூந்தா ஒண்ணுமே வராது" என்றார். வண்டியின் அடிவயிற்றை அத்தனை முறை அளந்த மனுஷன் அதைப் போடவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அவர் முகம் பரீட்சையில் தோற்ற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது, நான் அப்படிப்பட்ட முகங்களைப் பார்த்தே டீச்சர் வேலையைக் கழித்தவள். "போய் நிறுத்திட்டு சீக்கிரம் வாங்க" என்றேன்.

அவர் போன பிறகு வாசலைப் பார்த்தேன். கார் நின்ற இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நனைந்து, மற்ற இடத்தோடு ஒன்றாகிவிட்டது.

கேட்டுக்கு வெளியே தண்ணீர் தெரு விளிம்பைத் தொட்டபோது அபி கூப்பிட்டாள். "அம்மா, இடுப்பு ஒரு மாதிரி இருக்கு." சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். சூட்டு வலி என்றால் அதிலேயே அடங்கிவிடும். அவள் குடித்துவிட்டுப் படுத்தாள். "இப்ப எப்படி இருக்கு?" என்றேன். "தெரியலம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். "தெரியலன்னு சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தாள். அவள் அப்படிப் பேசுகிற பெண் இல்லை. படிக்கட்டில் தண்ணீர் முதல் படியை நனைத்திருந்தது. அவருக்குப் போன் போட்டேன்.

"எடம் கெடச்சிடுச்சு ஜோதி" என்றார், நான் பேசுவதற்குள்ளேயே. குரலில் அப்படியொரு சந்தோஷம். "சுவரை ஒட்டி நல்ல எடம். பஸ்ஸு எதுவும் இல்ல, நடந்தே வந்துடறேன்."

"வராதீங்க" என்றேன். "அங்கயே நில்லுங்க. நாங்க அங்க வர்றோம்."

அவர் ஏன் என்று கேட்பதற்குள் போனை வைத்தேன்.

உதயாவைக் கூப்பிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போன காலத்திலிருந்து எங்களை ஏற்றிப்போகிறவள், சொந்த ஆட்டோ. அவள் வந்தபோது சக்கரம் பாதி தண்ணீரில் இருந்தது. அபியை நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுவந்தோம். அபி ஆட்டோவில் கால் வைத்தாள், குனிந்தாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான். யாரும் எதையும் அளக்கவில்லை.

"இன்னாம்மா, காரு வாங்கிக்கினீங்கன்னு சொன்னாங்க, எங்க அது?" என்றாள் உதயா.

"பாலத்து மேல."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே ஏறி எங்கள் செருப்பை நனைத்தது. "சைலன்சர்க்கு மேல வந்தாத்தான் பேஜாரு. இப்ப ஓடிடும், பயப்படாத" என்று யாரிடமோ சொன்னாள். அபியிடமா, என்னிடமா, ஆட்டோவிடமா என்று தெரியவில்லை. நான் வழி முழுக்க ஜெபம் பண்ணினேன். ஜெபத்தில் ஒரு ஒழுங்கும் இல்லை, சைலன்சர் சைலன்சர் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

பாலத்தின்மேல் கார்கள் ஊர்வலத்துக்கு நிற்பதுபோல நின்றன. சிலவற்றின்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். நடுவில் கிடந்த ஒற்றை வழியில் இன்னும் கார்கள் இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் குடைகூட இல்லாமல் நின்று கையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் எங்கள் சாம்பல் நிறக் கார். அதற்கு இந்தப் பக்கம், அதன் மேலேயே விழுந்துவிடுவதுபோல ஒரு பெரிய கார்.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"நிறுத்தின கொஞ்ச நேரத்துல. ஒரு நைட்டு தான சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கன்னான். சரி, பக்கத்துல பெரிய வண்டி நின்னா நம்ம வண்டிய யாரும் ஒரச மாட்டாங்கன்னு நானும் விட்டுட்டேன். பைக்ல ஏறிப் போயிட்டான்."

முன்னாலும் பின்னாலும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன, காரை வெளியே எடுக்க வழியில்லை. அந்தப் பக்கம் பாலத்துச் சுவர். உரசக் கூடாதென்று பார்த்துப் பார்த்து ஒட்டி நிறுத்தியிருந்தார், கதவுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையாது. இந்தப் பக்கம் அவரைப்போல ஒல்லியான ஆள் ஒருக்களித்து நுழையலாம். அபி ஆட்டோவிலிருந்து இறங்கி, வயிற்றில் கை வைத்து, அந்த இடுக்கைப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பினாள், அன்றைக்கு ஹர்ஷாவின் கடையில் திரும்பியதுபோல. ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றுவிட்டாள்.

அவர் இரண்டு கையையும் அந்தப் பெரிய காரின்மேல் வைத்துத் தள்ளினார். தள்ளினால் நகரும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. கால் வழுக்க வழுக்கத் தள்ளினார். வண்டி அலற ஆரம்பித்தது, திருடன் வந்தால் கத்துமே அந்தச் சத்தம். பாலத்தில் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

"அப்பா, விடுங்கப்பா" என்றாள் அபி. "நான் ஆட்டோவுலயே போறேன்."

"சார், நீயும் ஏறு சார்" என்றாள் உதயா. "உன் வண்டிய எவனும் தூக்கினு போயிட மாட்டான்."

அபியை நடுவில் விட்டு நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கையில் கார்ச் சாவியை மூடிப் பிடித்திருந்தார். எதிரே ஒரு கார் குறுக்கே நின்று இடம் பார்த்துக்கொண்டிருந்தது, ஆட்டோ நகரவில்லை. சானடோரியம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் இறங்கித்தான் போக வேண்டும். இறங்கினால் அங்கே தண்ணீர் எவ்வளவோ, யாருக்குத் தெரியும். "வலி இருக்காம்மா?" என்று அவர் கேட்டார். அபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டோவின் பின்பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் ஜன்னலில் எங்கள் கார் தெரிந்தது. அதன் விளக்குகள் மஞ்சளாக ஒருமுறை மினுக்கி அணைந்தன. இந்த நேரத்திலும் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. திட்டத்தான் திரும்பினேன். அவர் சாவியைப் பார்க்கவே இல்லை. சாவி இருந்த அவருடைய மூடிய கையை அபி தன் இரண்டு கையாலும் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள், கண்களை இறுக மூடியிருந்தாள். பிறகு கை மெல்லத் தளர்ந்தது. அவள் வாயால் மூச்சு விட்டாள்.

ஆட்டோ கொஞ்சம் நகர்ந்து, மறுபடியும் நின்றது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் அந்த வரிசை முழுவதும் ஒரே இருட்டாகக் கிடந்தது. அப்புறம், பின்னால், அந்த ஒரு காரின் விளக்குகள் மட்டும் மறுபடியும் மினுக்கின.