பன்னிரண்டு பேர் சாப்பிட்ட கறி

வெள்ளிக்கிழமை தேங்காய் கீறும்போது கத்தி வழுக்கி, தமிழ்ச்செல்வியின் ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காயம் சீழ் பிடித்துவிட்டது. பழைய சேலையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு, மீந்துபோன கோழிக்கறியை எலும்பிலிருந்து அதே கையால் பிய்த்துப் பாத்திரத்தில் போட்டாள். மறுநாள் அது பிச்சுப்போட்ட கோழியாக இலைக்கு வரும்.

பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைகளுக்கு நடுவே, வீட்டின் முன்னறையில் அவளும் கணவன் பிரபாகரும் மெஸ் நடத்துகிறார்கள். ஃப்ரிட்ஜை மாவுத் தூக்குகள் அடைத்துக்கொண்டிருந்தன. கறிப் பாத்திரத்தை மூடி அடுப்பு மேடையிலேயே வைத்தாள். சித்திரை மாத வெக்கை. காலையில் முகர்ந்து பார்த்தபோது கெட்ட வாடை எதுவும் வரவில்லை.

"நல்லாக் கொதிக்க உட்டு வறுத்தா எந்தக் கிருமி இருக்கப்போவுது," என்றான் பிரபாகர். அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பேர் அந்தக் கறியைச் சாப்பிட்டார்கள். பதினோரு பேர் தறி ஓட்டுகிறவர்கள். பன்னிரண்டாவது ஆள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் அமுதவல்லி. எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் சண்முகவேல் லாரி ஓட்டுகிறவன். நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போகுமுன், தான் திரும்பி வரும்வரை அவளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கறி தீர்ந்துவிட்டதால் பிரபாகரும் தமிழ்ச்செல்வியும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

மூன்றரை மணிக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டுப் போன வீரபாகு வாந்தி எடுத்துத் தறிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டாராம். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வாந்தி என்று சொன்னார்கள்.

"வெயிலுக்கு இருக்கும்," என்றான் பிரபாகர். ஆனால் அவன் குரலில் சுரத்து இல்லை.

தமிழ்ச்செல்வி விரலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். மசாலாவும் மஞ்சள் நீரும் ஊறி அது விறைத்துப் போயிருந்தது. உடனே அமுதவல்லிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அப்போதும் யாரும் எடுக்கவில்லை.

"ஏனுங்க, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"நீயாப் போயி எதுக்கு மாட்டிக்கற? யாராச்சும் கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. மெஸ்ஸ மூடீருவாங்க."

அவள் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

அமுதவல்லி வீட்டு முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எவ்வளவு தட்டியும் சத்தமில்லை. சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் தள்ளினாள். குளியலறை வாசலில் அமுதவல்லி ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வறண்டு வெளுத்திருந்தது. சேலையெல்லாம் வாந்தி. ஒரு கை மட்டும் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

"அமுதா, கண்ணு, என்னையப் பாரு."

"அக்கா..." கண்ணைத் திறக்க அவளால் முடியவில்லை. "ரொம்ப நேரமாப் பாப்பா அசையலீங்க்கா."

ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையை அந்த வயிற்றின்மேல் வைத்தபடியே தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். உள்ளங்கைக்கு அடியில் ஓர் அசைவும் தட்டுப்படவில்லை.

டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் டிரிப் ஏற்றச் சொல்லிவிட்டு, "மத்தியானம் என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

பிரபாகர் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒரு கணம்தான்.

"நான் செஞ்சு குடுத்த கோழிங்க. நேத்து மீந்தது. ராத்திரி பூராம் வெளியதான் கெடந்துது. இந்தக் கையிலதான் பிச்சுப் போட்டனுங்க." விரலை நீட்டினாள். "ஆனா நல்லாக் கொதிக்க வெச்சனுங்க."

டாக்டர் காயத்தை உற்றுப் பார்த்தார். "கொதிக்க வச்சா கிருமி செத்துடும். ராத்திரி முழுக்க அது கறியில விட்ட விஷம் போகாதும்மா. இந்தச் சீழ்லருந்தே கூட அந்தக் கிருமி வந்திருக்கலாம். வேற யாரெல்லாம் சாப்பிட்டாங்க?"

"பதினோரு பேருங்க."

"அத்தனை பேருக்கும் இப்பவே சொல்லுங்க. வாந்தி இருந்தா உடனே வரணும்."

நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொருவரையும் அழைத்தாள். "எங்க மெஸ்ஸுக் கறிதானுங்க காரணம், ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்று பதினோரு முறை சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருவருடைய மனைவி அழுதாள். வீரபாகுவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவளைப் பார்க்காமல் கடந்து போனார்கள்.

உள்ளே, அமுதவல்லியின் வயிற்றில் ஒரு கருவியை வைத்து டாக்டர் அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். வெறும் இரைச்சல்தான் வந்தது. தமிழ்ச்செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இரைச்சலுக்குள்ளிருந்து வேகவேகமான ஒரு துடிப்பு கேட்டது.

"குழந்தை உயிரோட இருக்கு," என்றார் டாக்டர். "உடம்புல தண்ணி வத்திப்போயிருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா என்னால எதுவும் சொல்லியிருக்க முடியாது."

சண்முகவேலிடம் அவளே போனில் சொன்னாள்.

"உங்கள நம்பித்தானுங்க்கா உட்டுட்டு வந்தேன்," என்றான் அவன். போனை வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆறு மணிக்குப் பிரபாகர் வந்து சேர்ந்தான். உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் போய்விட்டதாம். "எதுக்குச் சொன்ன? இனி மெஸ்ஸத் தொறக்க உடுவாங்களா?" என்று பல்லைக் கடித்தான்.

தமிழ்ச்செல்வி குரலை உயர்த்தவில்லை.

"மூடட்டுமுங்க. சாப்படறவங்களுக்கு இலைல வந்து உழுந்தது மட்டுந்தான் தெரியும். அது எந்தக் கை பட்டுது, எத்தன நேரம் வெக்கைல கெடந்துதுன்னு சமைக்கறவளுக்குத்தான் தெரியும். கையில புண்ணு இருந்தா சோத்தத் தொடக்கூடாது, சந்தேகம் வந்தா கறியக் கொட்டிப்போடோணும். இன்னைக்கு இங்க நின்னு பயந்த பயம், நேத்து அடுப்படில எனக்கு வந்திருக்கோணுமுங்க."