ஆருக்கும் தெரியாண்டாம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ராஜபாய் டீச்சரான எனக்கு ‘கம்ப்யூட்டர் ராஜபாய்’ என்று பட்டப்பெயர் உண்டு. ஐம்பத்து மூன்று வயதில் அப்படியொரு பெயர் வாங்கியதில் எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தக்கலைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில் இளவட்ட ஆசிரியர்களே அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் நான்தான் முதலில் தொட்டேன். லீவு லெட்டரைக் காகிதத்தில் எழுத வேண்டாம், வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரைப் பழக்கியதும் நான்தான். இணையத்தில் ஒழுக்கமாக நடந்துகொள்வது எப்படி என்று பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுத்தேன். மாவட்டப் பயிற்சி ஒன்றில் மற்ற ஆசிரியர்களுக்கே அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஆதிரா என் வகுப்புப் பிள்ளை. கணக்கில் கெட்டி. அவளுடைய அப்பா மஸ்கட்டில் இருக்கிறார் என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் வீட்டில் இல்லாத அப்பா என்றால் மஸ்கட், அதுவும் இல்லையென்றால் தோகா. யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். அப்பா அங்கே கிரேன் ஓட்டுகிறார், வெயில் தாங்காமல் மத்தியானத்தில் வேலையை நிறுத்திவிடுவார்கள், இரும்பைத் தொட்டால் கை கொப்பளித்துவிடும் என்றெல்லாம் ஆதிரா சொல்வாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறை, மாதம் ஒரு நாள் லீவு. ஒவ்வொரு தடவையும் அவள் அம்மாவிடமிருந்து ‘காய்ச்சல்’ என்று ஒற்றைச் சொல் வரும். நாலாவது மாதம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்காதீர்கள். இனி உண்மையான காரணம் எழுதினால்தான் லீவு. எனக்கு மட்டும்தானே வருகிறது, பிறகென்ன பயம்?’ என்று எழுதி அனுப்பினேன். அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. அந்த அம்மா பதில் போடவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. அந்தரங்கத் தகவல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்பது அன்றைய பாடம். செல்போனில் அதற்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று காட்ட, என் போனின் திரையையே போர்டில் தெரியும்படி செய்திருந்தேன். என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. போர்டில் எழுத்து வந்தால் எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிக்க வேண்டும். வாசிப்பு சீராகட்டும் என்று நான் கொண்டுவந்த பழக்கம் அது. ‘உன் தகவல் உன் உரிமை’ என்று முப்பத்தாறு பேரும் படித்து முடித்தார்கள். அப்போது போர்டின் மேல்பக்கத்தில் ஒரு பட்டை இறங்கியது. ‘ஆதிரா அம்மா 9 பி’ என்று பெயர் தெரிந்தது. ஒதுக்கிவிடலாம் என்று விரலை வைத்தேன். அவசரத்தில் அழுத்திவிட்டேன். செய்தி முழுவதும் போர்டு நிறைய விரிந்தது.

‘டீச்சரே நாளைக்கி ஆதிராக்கு லீவு வேணும். பாளையங்கோட்டை ஜெயில்ல அவளுக்க அப்பாவ பாக்க போணும். நீங்க உண்மைய எழுத சொன்னதுகொண்டு எழுதுதேன். ஆருக்கும் தெரியாண்டாம்.’

பிள்ளைகள் படித்தார்கள். முன்வரிசை ராகம் போட்டுத் தொடங்கியது, பின்வரிசை சேர்ந்துகொண்டது. ‘ஜெயில்ல’ என்ற இடத்தில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். மீதிப்பேருக்கு வாய் நிற்கவில்லை. ‘ஆருக்கும் தெரியாண்டாம்’ என்பதையும் உரக்கப் படித்து முடித்தார்கள். போர்டை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ராஜபாய்க்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

ஆதிரா அழவில்லை. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். எழுந்து நின்றாள்.

“டீச்சரே, நான் வெளிய போட்டா?”

“போ மக்களே” என்றேன். பின்னாலேயே நானும் போயிருக்க வேண்டும். வகுப்பை அமைதிப்படுத்துவதுதான் முதல் காரியம் என்று நினைத்து அங்கேயே நின்றேன். வகுப்பு ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. சும்மா இருந்திருந்தால் பிள்ளைகள் மறந்திருப்பார்களோ என்னவோ. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே! ‘பிறருடைய அந்தரங்கத்தை யாரிடமும் பகிர மாட்டேன்’ என்று ஒரு உறுதிமொழி அச்சடித்து முப்பத்தைந்து பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எதற்கு இந்தக் கையெழுத்து என்று முப்பத்தைந்து வீட்டிலும் கேட்டார்கள். முப்பத்தைந்து வீட்டிலும் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதைதான். என் தலையாக இருந்திருந்தால் தொலைகிறது என்று விடலாம். அது அந்தப் பிள்ளையின் தலை.

திங்கட்கிழமை அவள் அம்மா அழகம்மை வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டி.சி. வேணும் டீச்சரே. எனக்க அண்ணன் அஞ்சுகிராமத்துல இருக்காவ. அங்க கொண்டு சேத்துருவோம்.”

“அவசரப்படாதீங்கம்மா. நான் பிள்ளைகள்ட்ட பேசியிருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.”

“சொல்லாம இருப்பாவ. பாக்காம இருப்பாவளா?”

அழகம்மை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

“மஸ்கட்டு கதையெல்லாம் அவளுக்கு அவ அப்பாதான் சொல்லிக்குடுப்பாரு டீச்சரே. முன்ன அங்க எட்டு வருஷம் வேலைக்கு நின்னவருல்லா. மாசத்துல ஒரு நாள் போயி பாக்கும்ப, கம்பிக்க அந்தப்பக்கம் நின்னுட்டு, அங்க சூடு இப்பிடி இருக்கும், கேம்புல சாப்பாடு இப்பிடி இருக்கும்னு சொல்லுவாரு. இவ அத இஞ்ச வந்து பறைவா. ரெண்டுபேருக்கும் அதுல ஒரு சந்தோசம். வெள்ளிக்கிழம போனப்பவும் ஆரம்பிச்சாரு. இனி கதை வேண்டாம்ப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டா. அவரு அழுதுட்டாரு.”

என்ன வழக்கு என்று நான் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

“என்னை மன்னிச்சிருங்கம்மா” என்றேன்.

“நீங்க வேணும்னேவா செஞ்சிய? நான் காய்ச்சல்னே எழுதியிருக்கணும்” என்றார் அழகம்மை.

என்னைத் திட்டியிருக்கலாம். பிள்ளைகள் பார்க்க நாலு கேள்வி கேட்டிருக்கலாம். உண்மை எழுதியதைத் தன் தப்பாக எடுத்துக்கொண்டு போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்குக் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது என்ன செய்ய? டி.சி.யில் என் கண் முன்னால்தான் முத்திரை குத்தினார்கள்.

ஒரு மாதம் கழித்து அஞ்சுகிராமத்திலிருந்து போன் வந்தது. செல்வதாஸ் என்கிற ஆசிரியர். அந்த மாவட்டப் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். இப்போது ஆதிராவின் வகுப்பாசிரியர் அவர்தான். ஏதோ பதிவேட்டில் சில விவரம் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார். ரத்த வகை சொன்னேன், பிறந்த தேதி சொன்னேன்.

“பிள்ளைக்க அப்பாவுக்கு என்ன ஜோலி டீச்சர்?”

“மஸ்கட்ல இருக்காரு. கிரேன் ஆபரேட்டர்” என்றேன்.

நாக்கு தடுமாறவே இல்லை. பொய் சொல்லாதே என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் போட்டு அரித்தவள் நான். இந்தப் பொய்யைச் சொன்னதும் நெஞ்சிலிருந்து கொஞ்சம் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவளுக்கு என்னால் முடிந்தது இதுவாவது ஆகட்டும் என்று நினைத்தேன்.

செல்வதாஸுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“உங்களுக்கு தெரியாதா டீச்சர்? வந்த மொத நாளே கிளாஸ்ல எந்திச்சு நின்னு, ‘எனக்க பேரு ஆதிரா, எனக்க அப்பா ஜெயில்ல இருக்காவ’ன்னு சொல்லிட்டாளே. முன்ன என்ன ஜோலி பாத்தாருன்னுதான் கேட்டேன்.”

“அவளாவா? யாராவது கேட்டாவளா?”

“ஒருத்தரும் கேக்கல்ல. நானும் பதறிப்போயி, தனியா கூப்பிட்டு, இதெல்லாம் எனக்கிட்ட மட்டும் சொன்னா போராதா மக்களேன்னு கேட்டேன்.” அவர் குரல் இறங்கியது. “‘டீச்சர்மாருக்கு மட்டும்னு சொல்லி ஒருக்கா பாத்தாச்சு சாரே, இனி நானே சொல்லிக்கிடுதேன்’னா.”