கவர் பிரிக்காத கழுத்துப் பட்டை

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, முதுகு வலியெல்லாம் தேவலையா? அப்படியே காலை நீட்டி உட்கார்ந்து இந்தப் பால்காரர் கதையைக் கேளுங்கள்.

பால்காரருக்கு நாலு மாடு. அதில் செவலை மேல்தான் உயிர். மனைவி கூப்பிட்டால் காதில் விழாது. செவலை குரல் கொடுத்தால் சாப்பிட்ட கையோடு ஓடுவார். அந்தச் செவலை மேய்ச்சலுக்குப் போனால் காது, மடி, வாலடி எல்லாம் உண்ணியோடுதான் திரும்பும். ரத்தம் கொடுத்தே இளைத்துப் போயிற்று.

"பிடுங்கி மாளலைங்க. பேசாம என் தம்பிகிட்ட குடுத்துடுங்க. அவன் மாட்டை வெளியில விடுறதே இல்ல. அங்க உண்ணிக்கு வழியே கிடையாது" என்றாள் மனைவி. தம்பியும் அடுத்த மாதம் வந்து ஓட்டிப் போவதாகச் சொல்லிவிட்டான்.

பால்காரருக்குச் செவலையை விட மனசில்லை. மாட்டு டாக்டரம்மாவிடம் ஓடினார். அவர் மருந்து ஏற்றிய கழுத்துப் பட்டை ஒன்றைக் கொடுத்து, "கட்டி மேய விடுங்க. மருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல பரவி உண்ணி உதிர்ந்துடும்" என்றார்.

கட்டினார். ஒரு உண்ணியும் உதிரவில்லை. கோபத்தோடு போய் டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்தார்.

"பாருங்கம்மா! பட்டை கட்டினதுலேருந்து இதுங்க இன்னும் கொழுகொழுன்னு ஆயிடுச்சு!"

டாக்டரம்மா செவலையின் கழுத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தீவனத் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் ஐயா, பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவே இல்லையா?"

"புதுசும்மா! இது சாணியில புரள்ற ஜீவன். அழுக்காயிடாதா?"

"மருந்து வெளியில வரணுமே! மாத்திரையை அட்டையோடவா முழுங்குவீங்க?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "டிவி ரிமோட்டே இன்னும் கவருக்குள்ளதான் இருக்கு டாக்டர். என் பாட்டை யார்கிட்ட சொல்ல?"

கவரைப் பிரித்தார்கள். கொஞ்ச நாளில் உண்ணிகள் காய்ந்து உதிரத் தொடங்கின. செவலையின் மேனியில் மினுமினுப்பு வந்தது.

சொன்னபடி தம்பி கயிறோடு வந்தான், புது பைக்கில். காதைத் திருப்பினான், வாலைத் தூக்கினான். ஒன்றுகூட இல்லை. வந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே!

"கவரோட கட்டினீங்களாமே மாமா? ஊரே சிரிக்குது!"

சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். சீட்டில் பிரிக்காத பிளாஸ்டிக் சரக்கென்று சத்தம் போட்டது.

பால்காரர் செவலையின் கழுத்தைத் தடவியபடி, "பத்திரமா போயிட்டு வா மாப்ளே" என்றார். "உன் வண்டியை உண்ணி கடிக்கவே கடிக்காது."

கயிறு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

உங்கள் வீட்டில் இன்னும் கவர் பிரிக்காமல் கிடப்பது எது? பிரிக்க விடாதவர் யார்? வெட்கப்படாமல் எழுதுங்கள், பார்ப்போம்.