எல்லைக்கல்லுக்கு அடியில்

டாக்டரிடம் வரமாட்டேன் என்று பூர்கார்ட் சொல்லவில்லை. கல்லைத் தோண்டிவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னார். அவர் மனைவி ரோஸ்விதாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. இந்த வருஷம் முழுக்க மனுசனுக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி ரொட்டிப் பெட்டிக்குள் கிடந்தது. மருமகனை, செத்துப்போன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு நாள் டிராக்டரில் போனவர் நடந்து திரும்பி வந்தார். வண்டி எங்கே என்று கேட்டால் எந்த வண்டி என்று திருதிருவென விழித்தார். டவுனில் ஞாபக மறதிக்கென்றே இருக்கிற டாக்டரிடம் ரோஸ்விதா நாள் வாங்கி வைத்துவிட்டாள்.

“முதல்ல கல்லு,” என்றார் அவர். “அதுக்கு அடியில என்ன இருக்கும்னு என் தலையில இருக்கு. தலையில இருக்கிறதும் குழியில இருக்கிறதும் ஒண்ணா இருந்தா, அப்புறம் எனக்கு எதுக்கு டாக்டரு?”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி நீ கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வரேன். போதுமா?”

ஸெல்பாக் ஊராட்சியில் மேயரைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றிக்கொள்ளலாம், எழுவரை மாற்ற முடியாது. சத்தியம் செய்து எழுவரில் ஒருவராக ஆகிவிட்டால் சாகிறவரைக்கும் அதுதான். வயலுக்கு வயல் எல்லைக்கல் நடுவது அவர்கள் வேலை. நடும்போது கல்லுக்கு அடியில் ஓர் அடையாளத்தைப் புதைப்பார்கள். சுட்ட மண் துண்டா, கண்ணாடியா, எப்படி அடுக்குவது, எந்தத் திசை பார்த்து என்பதெல்லாம் அந்த ஏழு பேருக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைக்கக்கூடாது, கட்டிய பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக்கூடாது. எவனாவது பேராசையில் கல்லை நகர்த்தினாலும் அடியில் இருப்பதை நகர்த்த அவனுக்குத் தெரியாது, பிடிபட்டுவிடுவான். அது என்ன அடையாளம் என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, எழுவர் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியாத சங்கதி அது.

பூர்கார்ட் இருபத்துநான்கு வயதில் சத்தியம் செய்தவர், இப்போது எழுவருக்குத் தலைவர். செயற்கைக்கோள் வைத்து அளக்கிற அதிகாரிகள் வந்த பிறகும் ஸெல்பாக்கில் கல் தகராறு என்றால் முதலில் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இந்தத் தடவை தட்டியவர் ஆல்பன். பக்கத்து வயல்காரர் எட்கர் உழுகிற சாக்கில் கல்லைத் தள்ளி வைத்துவிட்டார் என்பது அவர் புகார். இரண்டு பேரும் தீயணைப்புப் படையில் ஒரே வண்டியில் போகிறவர்கள். இப்போது முகத்தோடு முகம் பார்ப்பதில்லை, பாட்டுக் குழுவில் எட்கர் நின்றால் ஆல்பன் உட்கார்ந்துகொள்கிறார். கல்லை நகர்த்தினவன் என்று இந்த ஊரில் பெயர் வாங்கினால் அவ்வளவுதான், பேரன் கல்யாணத்தில்கூட அந்தப் பேச்சு வரும். எட்கர் அப்படிச் செய்கிற ஆளில்லை என்றுதான் பூர்கார்டுக்கும் தோன்றியது. ஆனால் அவருக்குத் தோன்றுவதை அவரே முழுசாக நம்புகிற காலம் போய்விட்டதே.

அறுவடை முடிந்த வயலில் காலையிலேயே ஏழு பேரும் கூடினார்கள். வழக்கப்படி நிலத்துக்காரர்கள் இருவரையும் வயல் விளிம்புக்கு அனுப்பி, முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்கள். எட்கர் வெளிறிப்போய் நின்றார். கல்லைச் சுற்றி எழுவரும் வட்டமாக நெருங்கிக்கொண்டார்கள். தலைவர்தான் முதலில் தோண்டவேண்டும், தலைவர்தான் முதலில் பேசவேண்டும், அதுவரை மற்ற ஆறு பேரும் வாயைத் திறக்கக்கூடாது. சீட்டாட்டத்தில்கூட வாய் ஓயாத தியோவே கப்சிப்பென்று நின்றார்.

மண்வெட்டி பொசுக்கென்று இறங்கியது.

பூர்கார்டுக்குச் சுருக்கென்றது. பல வருஷமாகக் கிடக்கிற மண் இப்படி வெண்ணெய் மாதிரி வழிவிடாது. யாரோ தோண்டியிருக்கிறார்கள். அதுவும் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான். அப்படியானால் ஆல்பன் சொன்னது நிஜம்தானா? அந்த எட்கரா? இவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குப் பன்றியே வாட்டிக் கொடுத்த எட்கரா?

கல்லைச் சாய்த்துவிட்டுக் குழிக்குள் கையை விட்டார். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தார். இருக்கவேண்டியது அங்கே இல்லை, வேறு ஒன்று இருந்தது. அதுவும் வரிசை குலையாமல், பதமாக, கைதேர்ந்தவர்கள் வைத்தது போல இருந்தது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது அவருக்கு. கல்லை நகர்த்துகிறவன் அடியில் எதையாவது வைப்பானா, எதற்கு வைக்கப்போகிறான்? அல்லது இதுதான் உண்மையான அடையாளமா, இத்தனை வருஷமாகத் தன் தலையில் இருந்ததுதான் தப்பா? கண்ணை மூடித் தன் அடையாளத்தை நினைத்துப் பார்த்தார். தெளிவாக வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. டிராக்டரை விட்டுவிட்டு வந்த அன்றுகூட எல்லாம் தெளிவாகத்தானே இருந்தது? மண்டை காய்ந்தது. பக்கத்தில் நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், கேட்டால் தலைவருக்கே மறந்துபோச்சு என்று ஆகிவிடும்.

“மண்ணு இளக்கமா இருக்கு,” என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

தியோ இருமினார். கொர்னேலியா ஏதோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கினாள். எழுவரில் சின்னவள் அவள், முதன்முதலாகச் சேர்ந்த பெண்ணும் அவள்தான். பூர்கார்ட் நிமிர்ந்து வயல் விளிம்பைப் பார்த்தார். எட்கரைக் கூப்பிட்டு, உன் வயலில் கல் நகர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கையைக்கூட உயர்த்திவிட்டார்.

அப்போதுதான் எட்கருக்கு அப்பால் இருந்த பிளம் மரங்கள் கண்ணில் பட்டன. வளைந்து ஓடைப்பக்கம் இறங்குகிற கிழட்டு மரங்கள். அந்த வரிசைதான் முன்னே கீழ் ஸெல்பாக்குக்கும் மேல் ஸெல்பாக்குக்கும் எல்லையாக இருந்தது. எழுபதுகளில் அரசாங்கம் இரண்டு ஊரையும் பிடித்து ஒரே ஊராட்சியாக முடிச்சுப்போட்டது. மேயர் ஒருவராகிப் போனாலும் இன்றைக்கும் தீயணைப்பு வண்டி இரண்டு, திருவிழா இரண்டு. கீழூருக்கென்று இருந்த எழுவர் மட்டும் ஒவ்வொருவராகச் செத்துக் காலியானார்கள், அவர்களுடைய அடையாளமும் அவர்களோடு போய்விட்டது. பூர்கார்டும் அவருடைய ஆட்களும் மேலூர் எழுவரின் வழியில் வந்தவர்கள். இந்தக் கல் பிளம் மரங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது?

கீழ்ப்பக்கம்!

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. குழி விளிம்பில் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்து சிரித்துவிட்டார்.

“இது நம்ம கல்லு இல்லப்பா,” என்றார். “கீழூர்க்காரங்க வச்சது. அவங்க அடையாளம் இது. அதான் நம்மளோடது இல்ல. கல்லு ஒரு விரல்கூட நகரல. பாத்தீங்களா, என் தலை நல்லாத்தான் இருக்கு. ரோஸ்விதாகிட்ட போய்ச் சொல்றேன் பாரு.”

யாரும் சிரிக்கவில்லை. தியோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் குழியைப் பார்த்தார்கள்.

“என்னடா, ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க? நான் சொன்னது தப்பா?”

“தப்பில்ல தலைவரே,” என்றாள் கொர்னேலியா. அவளும் அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். “சரிதான். போன வருசமும் இதேதான் சொன்னீங்க.”

“போன வருசமா?”

“ரோடு அகலப்படுத்த வந்தாங்கள்ல, அப்ப இந்தக் கல்லத் தோண்டிப் பாத்தோம். அந்தப் பிளம் மரத்தக் காட்டி நீங்கதான் எங்களுக்கு விளக்கம் சொன்னீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னுதான் நாங்க பேசாம நின்னோம்.”

பூர்கார்ட் போன வருஷத்தைத் தேடினார். ரோடு போட வந்த மஞ்சள் இயந்திரம் ஞாபகம் வந்தது. அதன் சத்தம்கூட ஞாபகம் வந்தது. இந்தக் குழி வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

“அப்ப இந்த மண்ண இளக்கினது...”

“நாமதான்.”

எட்கரைக் கூப்பிட உயர்த்திய கையை அவர் பார்த்தார். அதில் இன்னும் குழி மண் ஒட்டியிருந்தது. ஐயோ, அந்த மரங்கள் மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால் ஒரு நல்ல மனுசனை ஊரே காறித் துப்பியிருக்கும். அவருக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

தியோ மெதுவாகக் குனிந்து கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். “குழியில பாத்தத வெளிய பேசக்கூடாது,” என்றார். “எங்ககிட்ட நீ வாங்கின சத்தியம்தானே. நாங்க யாரும் மூச்சு விடமாட்டோம்.”

ஏழு பேருமாகக் கல்லைத் தூக்கி அதன் இடத்தில் நிறுத்தினார்கள். மண்ணை மிதித்துக் கெட்டியாக்கினார்கள். பூர்கார்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நிலத்துக்காரர்களைத் திரும்பச் சொன்னார். கல் வைத்த இடத்தில்தான் இருக்கிறது, எட்கர் மேல் குற்றமில்லை என்று தலைவர் என்ற முறையில் அறிவித்தார். எட்கர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆல்பன் முணுமுணுத்தபடியே, வழக்கப்படி எழுவருக்காகக் கொண்டுவந்த தொத்திறைச்சிக் கூடையையும் ஒயினையும் இறக்கினார்.

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது பூர்கார்ட் மண்வெட்டியைத் துடைத்துக் கொர்னேலியாவிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் அதை அவள் மடியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் ரோஸ்விதா வாசலிலேயே நின்றாள். “என்ன ஆச்சு? அடியில இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“அத உங்கிட்ட சொல்லக்கூடாது,” என்றார் பூர்கார்ட். பிறகு, “டாக்டர்கிட்ட என்னிக்குப் போகணும்?” என்று கேட்டார்.