மங்காத நீலம்

...குடுவையிலிருந்து வந்திருக்கக் கூடாது, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கட்டும், குடுவையிலிருந்து மட்டும் கூடாது, இதையே முணுமுணுத்துக்கொண்டு புக்கிட் புத்துஸ் மேட்டில் காரை ஏற்றுகிறேன், முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருக்கிறது, முந்தவும் விடமாட்டான், சனியன்... பக்கத்து இருக்கையில் கைப்பை, அதற்குள் குங்கும டப்பா. வீட்டுக்காரர் முகுந்தன் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சாமி அறையிலிருந்து எடுத்து வந்தேன். என் வீட்டுக் குங்குமத்தை நானே திருட வேண்டியிருக்கிறது, தலையெழுத்து! நேற்று மாலை ரோகினி கூப்பிட்டாள், நீலாய் ஊரில் எங்கள் ஆய்வுக்கூடத்து மாதிரிகளைச் சோதித்துச் சொல்கிறவள். "அக்கா, ஒங்க நீலத்துல காட்மியம் இருக்கு லா," என்றாள், மார்க்கெட்டில் மீன் இருக்கிறது என்பதுபோல. "நாளைக்கி மத்தியானம் வரைக்கும் ரிப்போட்ட அனுப்பாம வச்சிருக்கேன், எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க." பாருங்களாம். ராத்திரி முழுக்க அதைத்தானே பார்த்தேன்.

குவாண்டம் புள்ளி என்றால் வீட்டில் யாருக்கும் புரியாது, டிவித் திரைக்குப் பூசுகிற சாயம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஒளி பட்டால் தானும் ஒளிர்கிற பொடிப்பொடித் துகள், அவ்வளவுதான். சிவப்பும் பச்சையும் சொன்னபடி கேட்கும், நீலம் கேட்காது. காட்மியம் போட்டால் அதுவும் கேட்கும், ஆனால் காட்மியம் சிறுநீரகத்தைத் தின்னும், எலும்பைத் தின்னும், உடம்புக்குள் வந்தால் லேசில் வெளியே போகாது, அதனால் அது இல்லாமல், துத்தநாகத்தையும் செலினியத்தையும் வைத்து நீலம் காய்ச்ச வேண்டும், அதுதான் என் வேலை, என் வயசெல்லாம் அதிலேயே போயிற்று... காய்ச்சினால் வரும், கொள்ளை அழகாக வரும், மறுநாளே மங்கிவிடும். ஆயுத பூஜையன்று காய்ச்சியதுதான் மங்கவில்லை. தோட்டத்தில் டிராக்டருக்கும் ரப்பர்ப் பால்வெட்டுக் கத்திக்கும் பொட்டு வைத்துப் பார்த்து வளர்ந்தவள், என்னால் சும்மா இருக்க முடியுமா, ஆய்வுக்கூடத்து அடுப்புக்கு வைத்தேன், தராசுக்கு வைத்தேன், அன்று காய்ச்சிய நீலத்தை ஊற்றிய புட்டியின் மூடியையும் விடவில்லை, சந்தனம் தொட்டு அதன்மேல் குங்குமம். நாள் போகப் போக அந்தப் புட்டி அப்படியே நீலமாக நின்றது. எங்கள் தலைவர் யோகேந்திரன், கோயில் பக்கமே போகாத மனுஷன், "தனா, ஒங்க சாமிக்குப் பவர் இருக்குதான் போல," என்று சிரித்தார். இன்று டிவித் திரை செய்கிற கம்பெனிக்காரர்கள் அந்த நீலத்தைப் பார்க்க வருகிறார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர்களிடம் சொல்லப் போகிறார், நேற்றே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

புதுக் குடுவை வந்து சேரவில்லை, பழையதில் காய்ச்சினேன், எனக்கு முன்னால் இருந்தவன் அதில் காட்மியம் காய்ச்சியிருக்கிறான், அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன், அதற்குமேல் என்ன செய்ய... அதில் கொஞ்சம் ஒட்டியிருந்து துகளுக்குள்ளேயே புகுந்திருந்தால்? அதனால்தான் மங்கவில்லை என்றால்? அப்போது அது என் நீலமே இல்லை, பழைய விஷம்தான், இத்தனை வருஷமும் மண். குங்குமம் என்றால் கதையே வேறு, ரோகினிக்கு மாதிரி எடுத்துக் கொடுக்க மூடியைத் திறந்தபோது மேலேயிருந்து தூள் விழுந்திருக்கும், அவ்வளவுதான், துகள் சுத்தம், நான் சுத்தம். திருவிழாக் கடையில் வாங்கிய குங்குமம், தொட்டால் விரலை விட்டுப் போகாத சிவப்பு, என்ன மலிவுச் சாயத்தைக் கலந்தானோ பாவி, அதில் காட்மியம் இருக்கலாம், இருக்கும், இருந்தே ஆக வேண்டும்... சிரம்பான் வந்துவிட்டது, தெமியாங் பக்கம் ஒரே நெரிசல். முகுந்தன் கூப்பிடுகிறார்.

"தனா, சாமி ரூம்ல குங்குமத்த நீ எடுத்தியா? பாப்பா பொட்டு வைக்காம ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு ஒரே அழுவ." நான் வாயைத் திறப்பதற்குள், "பக்கத்து வூட்டுப் பாஞ்சாலை அக்காகிட்ட வாங்கி வச்சி விட்டுட்டேன், அவங்களும் அதே கடையிலதான் வாங்குனாங்களாம். பெருசா வச்சேன், இப்ப சிரிக்குது லா," என்றார். சரிங்க என்றேன். சரிங்க! அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை, அது வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி, கணக்குக் கேட்காமல் விடமாட்டார், அதோடு இன்னும் எதுவும் நிச்சயமில்லையே, ஆதாரம் இல்லாமல் எதற்குப் பயமுறுத்துவது... அடிப்பாவி, நேற்றிலிருந்து ஆதாரம் இல்லாமல்தானே குங்குமத்தின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறாய்? பாப்பாவுக்குப் பொட்டை அழித்து அழித்து வைத்துக்கொள்ளும் பழக்கம், அந்த விரலை அப்படியே வாயில் வைப்பாள். பயமாக இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கார் நீலாயை நோக்கித்தான் போகிறது.

ரோகினி வாசலிலேயே நிற்கிறாள். டப்பாவைத் திறந்து கையுறை விரலால் தொட்டுப் பார்க்கிறாள், "யம்மா, என்னா செவப்பு," என்கிறாள். பிறகு விளையாட்டாக, "சொல்லுங்கக்கா, இதுல இருக்கணுமா, இருக்கக் கூடாதா? நான் எதுக்குன்னு சாமி கும்பிடுறது?"

"இருக்கணும்," என்று என் வாய் சொல்லிவிட்டது, நான் யோசிக்கக்கூட இல்லை. அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போகிறாள், கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. கைப்பேசி கையில்தான் இருக்கிறது, கூப்பிட்டால் முகுந்தன் எடுப்பார், பள்ளிக்கூடம் ஒன்றும் தூரமில்லை, மோட்டார் சைக்கிளில் ஒரு எட்டுப் போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்துவிடுவார்... கூப்பிடுகிறேன், கூப்பிடாமல் என்ன, பெற்றவள்தானே நான், ரோகினி முதலில் வெளியே வரட்டும், வந்து சொல்லட்டும், சொன்னதும் கூப்பிடுகிறேன்...