காகிதக் கப்பில் ஒன்று

"யூமெய் அக்கா, ஒரு டீ கொண்டாங்க. பேப்பர் கப்ல." மேனேஜர் ஔயாங் அவ்வளவுதான் சொன்னார். யாருக்கு என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டார்.

யூமெய் நிமிர்ந்து பார்த்தபோது அறையிலிருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் காகிதக் கப் அடுக்கிலிருந்து ஒன்றை உருவிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

தெற்குச் சீனாவின் டொங்குவானில் இருந்த அந்தப் பொம்மைத் தொழிற்சாலை அலுவலகத்தில் யாரும் யாருக்கும் டீ போட்டுக் கொடுப்பதில்லை. ஆளுக்கொரு கண்ணாடி பாட்டில், மூடிக்குக் கீழே சல்லடை. காலையில் வந்ததும் ஒரு சிட்டிகை இலையைப் போட்டு மூலையில் இருக்கும் இயந்திரத்தில் வெந்நீர் பிடித்துக்கொண்டால், சாயங்காலம் வரை அதே இலைதான். தண்ணீரை மட்டும் ஊற்றி ஊற்றிக் குடிக்கலாம். மேனேஜர் கூப்பிட்டாலும் பாட்டிலும் கையுமாகத்தான் போவார்கள். காகிதக் கப் வெளியாட்களுக்கு. சரக்கு வாங்க வருகிறவர், தீயணைப்பு ஆய்வாளர், இப்படி. ஆர்டர் குறைந்த இந்த இரண்டு வாரத்தில்தான் அது மாறியது. கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெரியவரை ஔயாங் உள்ளே கூப்பிட்டார், காகிதக் கப்பில் டீ வரவழைத்துக் கொடுத்தார். மறுநாள் பெரியவரின் நாற்காலி காலி. அடுத்து பெயின்ட் பிரிவுப் பெண். அதற்கடுத்து வண்டி ஓட்டுகிறவர். மூன்று பேருக்கும் டீ கொண்டுபோனது யூமெய்தான். ஔயாங் வேண்டுமென்று செய்தாரா, படித்த பிள்ளையின் மரியாதையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கப் வந்தால் ஆள் வெளியே என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"அக்கா கப்ப எடுத்தா எமன் கயித்த எடுத்த மாதிரி" என்று போன வாரம் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். யூமெயும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்தான் அழுதாள்.

பக்கத்து மேசை ஷுலான் எழுந்து வந்தாள். தன் பாட்டிலை மார்போடு அணைத்திருந்தாள்.

"யாருக்காம்?"

"சொல்லலடி."

"கேக்க வேண்டியதுதானே?"

"என்னன்னு கேப்பேன்? இன்னிக்கு யாரு தலைன்னா?"

"எனக்குத்தான், அக்கா. நேத்து என் ஃபைல வாங்கிப் பாத்தாருல்ல? குழந்தைக்குக் காய்ச்சல்னு இந்த வருஷம் எத்தன லீவு போட்டுட்டேன்." ஷுலான் பாட்டிலை உயர்த்திக் காட்டினாள். "கூப்புட்டா இதோடதான் போவேன். இத வச்சுக்கிட்டு இருக்கவ கையில எப்படி பேப்பர் கப்ப திணிக்கிறாருன்னு பாக்கறேன்."

யூமெய்க்கு அவள்மேல் பரிதாபம் பொங்கியது. கூடவே, நம் தலை தப்பியது என்ற நிம்மதியும் வந்தது. பதின்மூன்று வருடம் ஓட்டியாகிவிட்டது. இன்னும் இரண்டே வருடம் இங்கே தள்ளிவிட்டால் ஓய்வூதியம் நிச்சயம். நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு இந்த ஊரில் வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? அந்த நிம்மதிக்காக அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

வெட்கத்தை எப்படியாவது தீர்த்துக்கொள்ள வேண்டும். விருந்தாளிகளுக்கென்று வாங்கி வைத்திருந்த தூள் டப்பாவை அவள் தொடவில்லை. தன் இழுப்பறையைத் திறந்து, சொந்த ஊரான எண்ஷி மலையிலிருந்து தங்கை அனுப்பிய வசந்தத் தேயிலைத் தளிரைக் கிள்ளி எடுத்தாள். முதலில் அடி நனையும் அளவுக்கு வெந்நீர் விட்டு, வாசனை எழும்பும்வரை நின்று, பிறகு மீதியை ஊற்றினாள். போகிறவள் நல்ல டீயாவது குடித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றுதான் இடித்தது. மற்ற மூன்று தடவையும் ஆள் உள்ளே போனபிறகுதான் டீ கேட்டார். இன்று டீ முதலில். சரி, வைத்துவிட்டுத் திரும்பும்போது ஷுலானை அனுப்பச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு அவள் கதவைத் தள்ளினாள்.

அறையில் ஔயாங்கைத் தவிர யாரும் இல்லை. அவள் கப்பை மேசையில் வைத்தாள்.

"ஷுலான வரச் சொல்லட்டா, மேனேஜர்?"

"வேணாம். கதவச் சாத்திட்டு உக்காருங்க, அக்கா." கப்பை அவள் பக்கம் நகர்த்தினார். "இது உங்களுக்குத்தான். குடிங்க."

யூமெய் உட்கார்ந்தாள். இலைகள் இன்னும் அடியில் இறங்கவில்லை, ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டியிருந்தது. ஊதும் நேரத்துக்கு ஒன்றும் பேச வேண்டியதில்லையே என்று மெல்ல ஊதினாள். டீ நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"மேலேர்ந்து லிஸ்ட் வந்திருக்கு. உங்க வேலையையும் சேத்து ஷுலான் பாத்துக்குவாங்களான்னு கேட்டாங்க. ஃபைலப் பாத்தேன், சின்ன வயசு, கத்துக்குவாங்க." ஔயாங் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "என் கையில ஒண்ணும் இல்லக்கா."

"ரெண்டு வருஷம்" என்றாள் யூமெய். "ரெண்டே வருஷம்தான், மேனேஜர். கூட்டறேன், பெருக்கறேன், பேக்கிங்ல நிக்கறேன்."

"பேக்கிங்லயும் ஆளக் குறைக்கறாங்க."

கப்பில் பாதி குறைந்திருந்தது. ஔயாங் அதைப் பார்த்தார். எழுந்துபோய், விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் இருந்த வெந்நீர்க் குடுவையை எடுத்துவந்து அவள் கப்பில் ஊற்றத் தொடங்கினார். இந்தப் பதின்மூன்று வருடத்தில் அந்தக் குடுவையை அவளைத் தவிர யாரும் தூக்கி அவள் பார்த்ததில்லை. பிடி தெரியாமல் அவர் அதை இரண்டு கையாலும் தூக்கியிருந்தார்.

தேநீர் ஊற்றுகிறவருக்கு மேசையில் இரண்டு விரலால் தட்டி நன்றி சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். மலையிலிருந்து வந்த புதிதில் யூமெய்க்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது விரல்கள் அவளைக் கேட்கவில்லை. டொக் டொக்கென்று தட்டின.

"பரவால்ல, பரவால்ல" என்றார் ஔயாங்.

யூமெய் இடது கையைக் கொண்டுவந்து அந்த இரண்டு விரல்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஔயாங் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தார்.